நம் உடலை நம் மொழியில் அறிந்த வரலாறு



ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் கேட்டபொழுது, என் நினைவுக்கு முதலில் வந்தது ஒரு மருத்துவச் சீட்டு. சில ஆண்டுகளுக்கு முன் காலமான என் மாமாவின் அலமாரியைத் துப்புரவு செய்தபோது, நிலப்பத்திரங்களுக்கும் குடும்ப அட்டைக்கும் இடையில், நான்காக மடிக்கப்பட்ட நிலையில் அது கிடைத்தது. அவர் வெற்றிலைச் செல்லத்தைக் கையிலிருந்து இறக்காதவர். ஒரு நாள் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதாகச் சொல்லி மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்தார். "மருத்துவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மக்களே, மருந்து எழுதித் தந்திருக்காரு" என்றார். அச்சீட்டில் 'லூக்கோபிளேக்கியா' என்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே, மூன்று வாரம் கழித்து மீண்டும் வர வேண்டும் என்ற குறிப்பும் ஆங்கிலத்திலேயே இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் அதைப் பொருள் விளங்கிப் படிக்கவில்லை. மறு ஆண்டு அவ்விடம் புண்ணாகி, புற்றுநோய் என்று உறுதியானபோது காலம் கடந்திருந்தது.

இதில் யார்மீதும் குறை சொல்வது என் நோக்கமன்று. மருத்துவர் தம் கடமையைச் செய்தார். எழுத வேண்டியதை எழுதினார். எழுதப்பட்ட அறிவு எங்களை வந்து சேரவில்லை என்பதே உண்மை. உடலைப் பற்றிய அறிவு மனிதகுலத்துக்கு எவ்வாறு கிடைத்தது, நம் தமிழுக்கு அது எப்பொழுது வந்தது, நம் குமரி மாவட்டத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு அந்தச் சீட்டே காரணம்.

எழுநூறு ஆண்டுகள் உறங்கிய ஏடு

உடலின் உறுப்புகள் எவ்வாறு அமைந்துள்ளன என்று கூறுவது உடற்கூற்றியல். அவ்வுறுப்புகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்று கூறுவது உடலியங்கியல். பண்டைய கிரேக்கத்தில் வளர்ந்த இக்கலைகளை அரபு மொழியில் பெயர்த்து, ஆராய்ந்து, விரித்து எழுதியவர்கள் இஸ்லாமிய உலகின் மருத்துவ அறிஞர்கள். 1025ஆம் ஆண்டளவில் இப்னு சீனா எழுதி முடித்த 'அல்கானூன்' என்னும் மருத்துவ நூல், 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக விளங்கியது.

அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242ஆம் ஆண்டில் இப்னு நஃபீஸ் என்பவர் ஓர் உரை எழுதினார். திமிஷ்கில் பயின்று, கெய்ரோவில் மருத்துவராக வாழ்ந்து, 1288இல் மறைந்தவர் அவர். இதயத்தின் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவேயுள்ள தடுப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்றும், அவற்றின் வழியே குருதி கடந்து செல்கிறது என்றும் கிரேக்க மருத்துவர் காலன் கூறியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக எவரும் அதை மறுக்கவில்லை. இப்னு நஃபீஸ் மறுத்தார். தடுப்பில் துளை ஏதும் இல்லை. வலப்பக்கக் குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்னரே இடப்பக்கத்தை அடைகிறது என்று அவர் தெளிவாக எழுதினார். இன்று நாம் நுரையீரல் சுற்றோட்டம் என்று கூறுவது இதுவே.

ஆயினும் அந்த உரை உலகுக்குப் பரவலாகத் தெரியவரவில்லை. ஐரோப்பாவில் 1553இல் செர்வீட்டஸ் என்பவர் இக்கருத்தை எழுதினார். 1628இல் வில்லியம் ஹார்வி உடல் முழுவதும் நிகழும் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவினார். 1924ஆம் ஆண்டில்தான், ஜெர்மனியில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த முஹ்யித்தீன் அத்ததாவி என்ற எகிப்திய மாணவர், பெர்லின் நூலகத்தில் இருந்த இப்னு நஃபீஸின் கையெழுத்துப் படியைப் படித்து, அதன் பெருமையை வெளிக்கொணர்ந்தார். எழுதப்பட்ட ஓர் உண்மை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் ஏட்டுக்குள்ளேயே உறங்கியது. என் மாமாவின் அலமாரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏடும் நினைவுக்கு வருகிறது.

நாஞ்சில் நாட்டின் உடலறிவு

நம் மண்ணிலும் உடலைப் பற்றிய அறிவு இருந்தது. அதுவே வர்மக்கலை. உடலில் 108 வர்ம நிலைகள் உள்ளன என்றும், அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்றும் வர்ம ஆசான்கள் வகுத்தனர். எந்த இடத்தில் அடிபட்டால் மயக்கம் வரும், எந்த இடத்தைத் தடவினால் தெளியும், முறிந்த எலும்பை எப்படிப் பொருத்திக் கட்ட வேண்டும் என்பவற்றை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். குமரி மாவட்டத்தின் ஊர்களில் இன்றும் வர்ம வைத்தியசாலைகள் உள்ளன. எனினும் இவ்வறிவு ஓலைச்சுவடிகளிலும் ஆசானின் நாவிலும் மறைபொருளாகக் காக்கப்பட்டது. கொல்லவும் வல்ல கலை ஆதலால், தகுதியறிந்தே சீடனுக்குக் கூற வேண்டும் என்பது மரபு. அம்மரபில் நியாயம் உண்டு; அதே மரபினால் பொதுமக்கள் அதனைக் கற்க இயலாமற் போயிற்று.

மேலைநாட்டு மருத்துவம் இப்பகுதிக்கு வந்தது 1838இல். அவ்வாண்டு லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் பணியைத் தொடங்கினார். 1861இல் வந்த ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளித்தார். இவ்வாறு வளர்ந்த நெய்யூர் மருத்துவமனைக்கு, எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் 1922இலும் 1924இலும் இடம்பெற்ற அறுவை மருத்துவர் ஹோவார்டு சாமர்வெல் வந்து பல்லாண்டுகள் பணியாற்றினார். சாதி மத வேறுபாடின்றித் தென் திருவிதாங்கூர் மக்கள் அனைவரும் நாடிச்சென்ற மருத்துவமனை அது. நம் முன்னோரில் நெய்யூருக்குச் செல்லாத குடும்பம் அரிதாகவே இருக்கும்.

மானிப்பாயில் ஒரு தமிழ் மருத்துவக் கல்லூரி

நெய்யூரில் இப்பணி வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் ஊரில் 1822இல் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற மருத்துவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவமனையையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் அரசுப் பணியையும் நகரத்தையும் நாடிச் சென்றுவிடுவதை அவர் கண்டார். கிராமத்து மக்களுக்கு மருத்துவர் கிடைக்க வேண்டுமாயின், கிராமத்து மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1864 முதல் மருத்துவ வகுப்பைத் தமிழிலேயே நடத்தினார்.

இது எளிய செயலன்று. கற்பிக்க நூல் இல்லை. நூல் எழுதச் சொல் இல்லை. தாம் முதலில் தமிழ் கற்றார். தம் மாணவர்களையே துணையாகக் கொண்டு நூல்களைப் பெயர்த்தார். கால்வின் கட்டர் என்பவரின் நூலைத் தழுவி, உடற்கூறு, உடலியக்கம், உடல்நலம் பேணல் ஆகிய மூன்றையும் கூறும் தமிழ் நூலை 1857இல் வெளியிட்டார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்றும், உடலியங்கியலுக்குச் 'சுகரணம்' என்றும், உடல்நலம் பேணும் கலைக்கு 'உற்பாலனம்' என்றும் பெயரிட்டார். அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. 1872இல் 'மனுஷவங்காதிபாதம்' என்ற பெருநூல் வெளிவந்தது. 1858இல் லண்டனில் முதன்முதலாக வெளியான கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில் தமிழ் மாணவரின் கையில் தமிழில் தவழ்ந்தது. வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' 1875இலும், உடலியங்கியலுக்கு 'மனுஷ சுகரணம்' 1883இலும் வந்தன. கிரீனும் அவர் மாணவர்களும் உருவாக்கிய தமிழ் மருத்துவ நூல்களின் பக்கங்கள் மொத்தமாக நான்காயிரத்துக்கும் மேற்படும்.

கலைச்சொல் ஆக்கத்திலும் அவர் ஒரு முறையைக் கைக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடினார். இல்லையெனில் வடமொழியை நாடினார். அங்கும் கிடைக்காதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். தம் மாணவர்கள் மேலைநாட்டு உடையையும் பழக்கத்தையும் பின்பற்றுவதை அவர் விரும்பவில்லை. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் மொழிபெயர்ப்புப் பணியைத் தொடர்ந்து, 1884இல் மறைந்தார். 'தமிழருக்கான மருத்துவ ஊழியர்' என்று பொருள்படும் வாசகமே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது.

அவருக்குப் பின் தமிழ்வழி வகுப்பு நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. பதவியும் ஊதியமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. நூல்கள் அலமாரிகளுக்குச் சென்றன.

யாழ்ப்பாணப் புகையிலை

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் நம் திருவிதாங்கூருக்கும் நெடுங்கால வாணிகத் தொடர்பு உண்டு. யாழ்ப்பாணப் புகையிலைக்கு முதன்மையான சந்தையாகத் திருவிதாங்கூர் விளங்கியது. திருவிதாங்கூர் அரசு புகையிலை வாணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்து, அதனால் பெரும் வருவாய் பெற்ற காலமும் உண்டு. மானிப்பாயில் உடற்கூற்று நூல் தமிழில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, அதே யாழ்ப்பாணத்திலிருந்து புகையிலையும் தோணியேறி நம் கரைக்கு வந்துகொண்டிருந்தது. புகையிலை வீடுதோறும் நுழைந்தது. நூல் அவ்வாறு வீடுதோறும் நுழையவில்லை.

இதன் விளைவை நெய்யூர் மருத்துவர்கள் நேரில் கண்டனர். வாயிலும் கன்னத்திலும் புற்றுடன் வந்தவர்கள் அவர்களிடம் ஏராளமாக வந்தனர். அங்கு பணியாற்றிய ஐ. எம். ஆர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றுநோயைப் பற்றி ஆராய்ந்து, 1933ஆம் ஆண்டு லண்டனின் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை வாயில் அடக்கும் வழக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த முன்னோடிக் கட்டுரைகளுள் அது ஒன்று. 1936இல் சாமர்வெல்லும் ஆரும் சேர்ந்து, இப்பகுதி மக்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட சிறுகுடல் முன்பகுதிப் புண்ணைப் பற்றியும் ஆங்கில அறுவை மருத்துவ இதழில் எழுதினர்.

அக்கட்டுரைகள் நம் ஊர்களைப் பற்றியவை. நம் பாட்டன்மாரின் உடலைப் பற்றியவை. நம் வாயைப் பற்றி எழுதப்பட்டது நம் வாய்மொழியில் எழுதப்படவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைவிக்கும் என்று 1985இல் அறிவித்தது. புகையிலை சேராவிடினும் பாக்கும் வெற்றிலைத் தாம்பூலமும் புற்றுநோய் விளைவிப்பவையே என்று 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்தது. நெய்யூரில் எழுதப்பட்டதற்கும் இதற்கும் இடையே எழுபது ஆண்டுகள். என் மாமா வெற்றிலை போடத் தொடங்கியதும் அந்த எழுபது ஆண்டுகளுக்குள்தான்.

அறிந்துகொள்ள வேண்டிய சில

வரலாற்றைக் கூறியபின், அவ்வரலாறு நமக்கு ஈட்டித் தந்த அறிவில் சிறிதளவேனும் இங்கே கூறுவது முறையாகும்.

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்போது இவ்வெண்ணிக்கை இதைவிட அதிகம்; வளரும்போது சில எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. உடலில் ஓடும் குருதி சுமார் 5 லிட்டர். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடித்து, ஏறக்குறைய அந்த 5 லிட்டரையும் ஒரே நிமிடத்தில் சுற்றிவரச் செய்கிறது. இதயத்தின் தசைக்கும் குருதி வேண்டும். அதைக் கொண்டுசெல்லும் சிறு குழாய்கள் அடைபடும்போது ஏற்படுவதே மாரடைப்பு.

சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தந்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இந்த நுண்ணிய வடிகட்டிகளை ஓசையின்றிச் சிதைக்கும். நோவு தெரியாது. எனவேதான் உடல் நன்றாக இருக்கும்போதே பரிசோதிக்கச் சொல்கின்றனர்.

இனி, வாய். கன்னத்தின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் செல்கள் ஓயாது உதிர்ந்து, ஓயாது புதிதாகத் தோன்றுகின்றன. சுண்ணாம்பின் காரமும் பாக்கு, புகையிலை ஆகியவற்றின் நச்சுப்பொருள்களும் நாள்தோறும் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால், இப்புதுப்பித்தல் முறை தவறுகிறது. முதலில் வெள்ளைத் தடிப்போ சிவப்புத் திட்டோ தோன்றலாம். லூக்கோபிளேக்கியா என்பது வழித்தெடுத்தாலும் போகாத அந்த வெள்ளைத் தடிப்பே. அது புற்றுநோயன்று, ஆனால் புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கு மெல்லுபவர்களுக்கு வாயின் உட்புறம் இறுகி, வாயை முழுமையாகத் திறக்க முடியாமற் போவதும் உண்டு. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்க இயலாதவர் மருத்துவரை அணுக வேண்டும். மூன்று வாரத்துக்குள் ஆறாத எந்தப் புண்ணையும், வலி இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. தொடக்கத்தில் வலி இராது என்பதே இந்நோயின் வஞ்சகம்.

மேலே கூறியவற்றைத் தமிழில் சொல்ல எனக்குப் பெரிய இடர்ப்பாடு ஒன்றும் நேரவில்லை. அன்று இவ்வளவும் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொல்லியிருந்தால் என் மாமாவுக்கும் விளங்கியிருக்கும்.

நாம் செய்யத்தக்கது

2001இல் நம் மாவட்டத்துக்கு ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நம் பிள்ளைகளும் மருத்துவம் பயில்கின்றனர். தமிழ்நாடு பாடநூல் நிறுவனம் அண்மை ஆண்டுகளில் மருத்துவப் பாடநூல்கள் சிலவற்றைத் தமிழில் கொணர்ந்துள்ளது. கிரீனின் நூல்களுள் சிலவற்றை இணைய நூலகங்களில் இன்று எவரும் படிக்கலாம். வாயில்கள் திறந்திருக்கின்றன; நுழைய வேண்டியவர்கள் நாம்.

ஜமாஅத் நிர்வாகத்துக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, கோடை விடுமுறையில் நம் மதரஸாவில் ஒரு வாரம், உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் தமிழில் விளக்கும் எளிய வகுப்பு நடத்த வேண்டும். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மருத்துவ மாணவர்களும் செவிலியரும் மருந்தாளுநரும் இதனை மகிழ்ந்து ஏற்பர். கேட்பவர்களுக்கு மட்டுமன்றிக் கற்பிப்பவர்களுக்கும் இது பயன் தரும்; கற்றதைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போதுதான் விளங்கியது எது, மனப்பாடம் செய்தது எது என்பது புலப்படும். இரண்டாவது, மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், மருத்துவச் சீட்டையும் பரிசோதனை முடிவையும் கொண்டுவருவோருக்கு அதிலுள்ளதைத் தமிழில் படித்துச் சொல்ல ஒருவரை அமர்த்த வேண்டும். மருத்துவம் பார்ப்பது அவர் வேலையன்று. எழுதியிருப்பதை விளக்கி, மறுபடியும் எந்நாளில் செல்ல வேண்டும் என்று நினைவூட்டினால் போதும். பெண்களுக்கு ஒரு பெண்மணியை அமர்த்துதல் நலம். மூன்றாவது, நம் திருமண வீடுகளில் வெற்றிலைத் தாம்பாளத்துடன் பாக்கும் புகையிலையும் வைக்கும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு ஏற்படாது. இரண்டாவது வேண்டுகோளை நிர்வாகம் ஏற்குமாயின், முதல் நாள் அமர்ந்து படித்துச் சொல்லும் பணியை என்னிடம் தரலாம். என் மாமாவின் சீட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதன் எழுத்தை இப்பொழுது என்னால் படிக்க முடிகிறது. அடுத்த வீட்டாரின் சீட்டையாவது காலத்தே படித்துச் சொல்ல வேண்டும் என்பதே என் அவா.

வஸ்ஸலாம்.